ரயிலைத் தவறவிட்ட மகன்

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நடுப் பிள்ளைக்கு நேரும் கதிதான் சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ'வுக்கும் நேர்ந்திருக்கிறது. மூத்தது 'பதேர் பாஞ்சாலி' (1955). அதன் பெயரைச் சொன்னதுமே மழையில் நனையும் துர்காவும், வெள்ளைப் பூ பூத்த நாணல் காட்டுக்கு அப்பால் ஓடும் ரயிலும் நினைவுக்கு வந்துவிடும். கடைக்குட்டி 'அபுர் சன்சார்' (1959). அதற்குச் சௌமித்ர சட்டர்ஜியும் சர்மிளா தாகூரும் இருக்கிறார்கள். 1956-ல் வந்த நடுப் படத்துக்கு மட்டும் "அதுவும் நல்ல படம்தான்" என்று ஒரு வரிப் பாராட்டு. கூடவே ஓர் "ஆனால்".

அந்த "ஆனால்"களுக்கு இப்போது ஏறக்குறைய எழுபது வயது. மகனைக் கல்நெஞ்சனாகக் காட்டுகிறது, நாவலைச் சிதைத்துவிட்டது, இரண்டாக உடைந்து நிற்கிறது, இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறது என்று குற்றச்சாட்டுகள் வெவ்வேறு காலங்களில் வந்திருக்கின்றன. மறுபக்கம், படிப்புக்காக வீட்டை விட்டுப் போனவர்களில் பலர் இந்தப் படத்தைத் தங்கள் சொந்தக் கதைபோல் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தின் மேல் பிரியம் இருந்தால் மட்டும் அதன் கட்சி ஜெயித்துவிடாது. குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

கதை சின்னது. மகள் துர்காவைப் பறிகொடுத்து, பூர்வீக வீட்டையும் விட்டுவிட்டு, ஹரிஹர் தன் மனைவி சர்வஜயாவோடும் சிறுவன் அபுவோடும் காசிக்கு வந்து சேர்கிறார். படித்துறையில் புராணம் வாசித்துப் பிழைக்கிறார். ஜுரத்தில் விழுந்து இறந்துபோகிறார். சர்வஜயா ஒரு பணக்கார வங்காளிக் குடும்பத்தில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். பிறகு உறவுக்காரப் பெரியவர் ஒருவரின் துணையில், மகனை அழைத்துக்கொண்டு வங்காளக் கிராமம் ஒன்றுக்குத் திரும்புகிறாள். அங்கே அபு புரோகிதம் பழகுகிறான். பள்ளிக்கூடம் போகும் பையன்களைப் பார்த்த பிறகு அவனுக்குப் பூஜை மணியில் மனம் ஒட்டவில்லை. படிக்கிறான். உதவித்தொகை பெற்றுக் கல்கத்தாவில் கல்லூரிக்குப் போகிறான். இரவில் அச்சக வேலை, பகலில் வகுப்பறைத் தூக்கம். கிராமத்தில் தாய் காத்திருக்கிறாள், நோய்வாய்ப்படுகிறாள், சாகிறாள். மகன் வந்து சேரும்போது வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான். காரியங்களைக் காளிகாட்டில் செய்துகொள்கிறேன், பரீட்சை இருக்கிறது என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு நடக்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

கல்நெஞ்சனா?

இந்த முடிவைத்தான் அன்று பலரால் ஜீரணிக்க முடியவில்லை. 'பதேர் பாஞ்சாலி'யைக் கொண்டாடிய வங்காளத்தில் 'அபராஜிதோ' ஓடவில்லை. நகரத்து ரசிகர்கள் ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டார்கள். புறநகர்ப் பார்வையாளர்களுக்கோ தாய்-மகன் உறவு காட்டப்பட்ட விதம் எரிச்சல் ஊட்டியது. இதை ரேயே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. நம் சினிமாவில் தாயைப் பிரியும் மகனுக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, அவன் கெட்டவன். கடைசி ரீலில் திருந்துவான், அல்லது அழிவான். இன்னொன்று, அவன் நல்லவன். விதிதான் அவர்களைப் பிரித்தது, கடைசி ரீலில் சேர்ந்துவிடுவார்கள். அபு இரண்டிலும் சேரவில்லை. அவன் நல்ல பையன். இருந்தும் போய்விடுகிறான். தாய் சாகும்போது அருகில் இல்லை. அதற்காகப் படம் அவனைத் தண்டிக்கவும் இல்லை.

தண்டிக்காததால் மன்னித்துவிட்டது என்று அர்த்தமா? படத்தை மறுபடி ஒருமுறை கவனமாகப் பார்த்தால், அபுவின் ஒவ்வொரு சிறு தவறும் கணக்கில் ஏறியிருப்பது தெரியும். விடுமுறைக்கு ஊர் வந்த மகனிடம் இரவில் சர்வஜயா பேசிக்கொண்டிருக்கிறாள். தனக்குப் பெரிய நோய் ஏதாவது வந்தால் வைத்தியம் பார்ப்பானா என்று கேட்கிறாள். பதில் இல்லை. அவன் தூங்கிப்போயிருக்கிறான். அந்தத் தூக்கத்தில் கொடுமை எதுவும் இல்லை, பயணக் களைப்புதான். ஆனால் கேள்வி கேட்டவளுக்கு அது வெறும் களைப்பாக இருந்திருக்காது. இரண்டையும் ஒரே காட்சியில் ரே வைக்கிறார்.

தாயின் பக்கமும் கணக்கு இருக்கிறது. சர்வஜயா தெய்வம் அல்ல. கல்கத்தா போக வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கும்போது, தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் அவனைக் கன்னத்தில் அறைகிறாள். விடியற்காலை ரயிலுக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டு அவன் தூங்கினால், மனம் வராமல் எழுப்பாமலே விடுகிறாள். அவன் கோபத்தோடு கிளம்பி ஓடுகிறான்.

அதன் பிறகு வருவதுதான் இந்தப் படத்தின் உயிர்நிலை. அபு ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறான். ரயிலும் வருகிறது. அவன் ஏறவில்லை. ரயிலைப் போகவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறான். ரயில் தவறிவிட்டது என்று அம்மாவிடம் சொல்கிறான். அவள் முகம் மலர்கிறது. கட்டிப்பிடித்து அழுவதில்லை, பின்னணியில் பாட்டு இல்லை. இன்னும் ஒரு நாள் கிடைத்தது, அவ்வளவுதான். அபுவைக் கல்நெஞ்சன் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு நாளை மறந்துவிடுகிறார்கள். அவன் தாயின் ஆசையைப் புரிந்துகொண்டவன். புரிந்துகொண்டபின்னும் மறுநாள் போகிறவன். வளர்வது என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான் என்று படம் சொல்கிறது.

இந்தக் கசப்பை ரே மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்தார் என்றும் சொல்ல முடியாது. மூலக் கதையை எழுதிய பிபூதிபூஷண் பந்தோபாத்யாய வங்காளக் கிராமத்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1930களின் தொடக்கத்தில் வந்த அவருடைய நாவலில் இதைவிடத் துணிச்சலான ஓர் இடம் இருக்கிறது. தாய் இறந்த செய்தி கேட்டதும் அபுவின் மனதில் முதலில் எழுவது ஒரு விடுதலை உணர்வு. பிறகுதான் துக்கமும் தன்மேலேயே திகைப்பும். ரேயை இந்தக் கதையை நோக்கி இழுத்தவற்றில் இந்த இடமும் ஒன்று. திரையில் அவர் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அழுகையைக் காட்டுகிறார், பிறகு நடையைக் காட்டுகிறார். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவரின் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறார். புறநகர்த் தியேட்டர்களில் எழுந்த எரிச்சலின் ஊற்று இதுவாகவும் இருக்கலாம்.

லீலா எங்கே?

நாவலைப் படித்தவர்களின் மனக்குறை வேறு. அபுவின் வாழ்க்கையில் முக்கியமான லீலா என்ற பணக்காரப் பெண் படத்தில் இல்லை. நடிகை சரியாக அமையாத நடைமுறைச் சிக்கலால் அந்தப் பாத்திரமே விடப்பட்டது. அவள் இல்லாததால் அபுவைக் கல்கத்தா அப்படி இழுப்பதற்குப் போதிய காரணம் இல்லாமல் போயிற்று என்பது வாதம்.

நாவலுக்கு இது நஷ்டம்தான். படத்துக்கு லாபம். லீலா இருந்திருந்தால் தாய்க்கும் காதலிக்கும் நடுவே தவிக்கும் மகன் என்று கதை பழகிய தடத்தில் விழுந்திருக்கும். பார்ப்பவர்கள் அவள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்கள். லீலா இல்லாத படத்தில் சர்வஜயாவின் போட்டியாளர் ஒரு பூகோள உருண்டை. அபு அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கல்கத்தாவுக்குப் புறப்படுகிறான். தலைமை ஆசிரியர் தந்த புத்தகங்கள், ஆப்பிரிக்கா, வட துருவம், நிழல் கடிகாரம், கிரகணம் - இவை அவனைப் பிடித்துக்கொள்கின்றன. படித்ததையெல்லாம் ஓடிவந்து முதலில் அம்மாவிடம்தான் சொல்கிறான். அவள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொள்கிறாள். அறிவின் மேல் வந்த ஆசையை எந்தத் தாய் குறை சொல்ல முடியும்? பழி போட ஆள் இல்லாத பிரிவுதான் இங்கே நடக்கிறது. வலி அதிகமாவதும் அதனால்தான்.

இரண்டு பாதிகள்

அமைப்பைப் பற்றிய குறை ஓரளவு நியாயமானது. காசி ஒரு படம், கிராமமும் கல்கத்தாவும் இன்னொரு படம் என்று தோன்றத்தான் செய்கிறது. சிறுவன் அபுவாக வரும் பினாகி சென்குப்தாவுக்கும் இளைஞன் அபுவாக வரும் ஸ்மரண் கோஷாலுக்கும் முகச்சாயல் அதிகம் இல்லை. சிறுவனிடம் இருந்த துறுதுறுப்பு இளைஞனிடம் வற்றிவிடுகிறது. கல்கத்தா வகுப்பறைக் காட்சிகள் சற்று வறட்சியாகவே நகர்கின்றன. 'பதேர் பாஞ்சாலி'யில் ஒரே கிராமம், ஒரே வீடு, ஒரே மழை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தன. இங்கே அப்படி ஒரு கயிறு இல்லை என்பார்கள்.

கயிறு இருக்கிறது. அது கருணா பானர்ஜியின் முகம். அபுவாக நடிப்பவர் மாறுகிறார், ஊர்கள் மாறுகின்றன, கணவர் போய்விடுகிறார். சர்வஜயா மட்டும் முந்தைய படத்திலிருந்தே அதே பெண். மகன் கல்கத்தாவுக்குக் கிளம்பும்போது சிரித்த முகத்தோடு வாசலில் நின்று வழியனுப்புகிறாள். அவன் முதுகு திரும்பியதும் அந்தச் சிரிப்பு மெல்ல அணைகிறது. கடைசி நாட்களில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து தொலைவில் போகும் ரயிலைப் பார்க்கிறாள். மகன் கூப்பிட்டதுபோல் கேட்டு இருட்டில் எழுந்து வெளியே வருகிறாள். வாசலில் யாரும் இல்லை. குளத்தருகே மின்மினிகள் மட்டும் பறக்கின்றன. இந்த நடிப்புக்காக, பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சிறந்த வெளிநாட்டு நடிகை விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அந்த முகத்தைத் தொடர்ந்து போகிறவர்களுக்குப் படம் இரண்டாக உடைவதில்லை.

காசிப் பகுதி வெறும் சுற்றுலாப் படம் என்ற கேலியும் உண்டு. அந்தக் காசியில் பாதி கல்கத்தா ஸ்டுடியோவில் இருந்தது என்பது கேலி செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஹரிஹர் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் முற்றம் பன்சி சந்திரகுப்தா போட்ட செட். நாலு பக்கமும் சுவர் எழும்பிய முற்றத்தில், உண்மையில் வானத்திலிருந்து மட்டுமே வெளிச்சம் இறங்கும். ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழுந்து குட்டு உடைந்துவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, அதிலிருந்து தெறித்து வரும் ஒளியில் படம் பிடித்தார். பிற்காலத்தில் உலகமெங்கும் சாதாரணமாகிவிட்ட உத்தி இது. வெளியே எடுத்த நிஜக் காசியும் உள்ளே எடுத்த செட்டும் ஒட்டுப்போட்டது தெரியாமல் சேர்ந்துவிட்டன.

காசி படத்தில் இருப்பதற்குக் காரணமும் உண்டு. சர்வஜயா முற்றத்துக்குள் அடைபட்டிருக்க, சிறுவன் சந்து சந்தாக ஓடுகிறான். படித்துறையில் பயில்வானைப் பார்க்கிறான். கோயிலில் குரங்குகளுக்குத் தீனி போடுகிறான். பெரிய உலகத்தில் தனியாகத் திரிவதில் உள்ள ருசி அங்கேதான் அவனுக்குப் பிடிபடுகிறது. பின்னால் கிராமம் அவனுக்குப் போதாமல் போவதற்கான விதை இங்கேதான் விழுகிறது.

இரண்டு தாய்கள்

வறுமைக் குற்றச்சாட்டு இந்த ஒரு படத்தின் மேல் மட்டும் அல்ல, ரேயின் மேலேயே சுமத்தப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ரே இந்தியாவின் வறுமையை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று 1980-ல் சொன்னது பெரும் சர்ச்சையானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'அபராஜிதோ' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது 1957-ல். நர்கிஸ் தாயாக நடித்த 'மதர் இந்தியா' வெளியானதும் அதே 1957-ல்தான். அதிலும் பஞ்சம் இருக்கிறது, பசி இருக்கிறது, கடன்காரன் இருக்கிறான். ஆஸ்கர் போட்டிக்கு வெளிநாடு போனதும் அந்தப் படம்தான். ஆகவே பிரச்சினை வறுமையைக் காட்டியதா என்பது அல்ல. எந்தத் தாயைக் காட்டினார்கள் என்பதே.

'மதர் இந்தியா'வின் ராதா ஊர் மானத்துக்காகத் தன் மகனைத் தானே சுட்டுக் கொல்கிறாள். அவள் ஒரு தேசத்தின் சின்னம். சர்வஜயா எதற்கும் சின்னம் அல்ல. அவள் ஒரு சமையற்காரி, விதவை, ஒரே மகனின் தாய். ஆனால் அவளும் ஒரு முடிவு எடுக்கிறாள். அந்த முடிவைச் சரியாகப் படித்தால் படத்தின் மேல் உள்ள மற்றக் குற்றச்சாட்டுகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

காசியில் அவள் சமையல் வேலை பார்க்கும் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. எஜமானக் குடும்பம் கொடுமைக்காரக் குடும்பமும் அல்ல. ஊருக்கு வரும்படி பெரியவர் கூப்பிடும்போது போவதா வேண்டாமா என்ற யோசனையில் இருக்கிறாள். அந்த நேரத்தில் ஒரு நாள் மாடிப்படியில் இறங்கும்போது, எஜமானருக்கு ஹூக்கா எடுத்துப் போகும் தன் மகனைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவள் முகம் மட்டும் திரையில் நிற்கிறது. அதன்மேல் ரயிலின் ஊதல் கேட்கிறது. அடுத்த காட்சியில் அவர்கள் காசியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வறுமையை விற்கும் படம் பசித்த வயிறைக் காட்டியிருக்கும். இது வயிறு நிறைந்திருந்தும் மகன் வேலைக்காரனாக வளரக் கூடாது என்று எழுந்து போகும் ஒருத்தியைக் காட்டுகிறது. அந்த ரயிலில் அவனை ஏற்றியவள் அவள். பள்ளிக்கூடத்துக்குச் சம்மதித்தவள் அவள். அறைந்த கையோடு போய்ச் சமாதானம் சொல்லி, சேர்த்துவைத்த பணத்தைக் கல்கத்தா செலவுக்கு எடுத்துக் கொடுத்தவளும் அவள். நோய் முற்றியபோதும், பரீட்சை கெட்டுவிடும் என்று மகனுக்குத் தெரிவிக்காமல் மறைத்தவளும் அவள்தான். மகன் போன ஒவ்வோர் அடியிலும் தாயின் கை இருக்கிறது. கடைசியில் அவன் பரீட்சையைச் சொல்லிக்கொண்டு புறப்படும்போது அவளுக்குத் துரோகம் செய்கிறானா, அல்லது அவள் தொடங்கிவைத்ததை முடிக்கிறானா? அவனைத் திட்டுகிறவர்கள் சர்வஜயாவின் பக்கம் பேசுவதாக நினைக்கிறார்கள். சர்வஜயாவே அந்தப் பக்கம் இல்லை.

'அபராஜிதோ' என்ற சொல்லுக்கு வெல்லப்படாதவன் என்று பொருள். தலைப்பு ஆண்பாலில் இருப்பதால் வெற்றி மகனுடையது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவள் யார் என்பதைப் படம் ஒரு நிமிடம்கூட மறைக்கவில்லை. 110 நிமிடப் படத்தில் அதிக நேரம் மனதில் நிற்பது தோற்றவளின் முகம்தான்.

இந்த நடுப் பிள்ளைக்குச் சில நல்ல நண்பர்களும் இருந்திருக்கிறார்கள். ரேயின் படங்களில் மிருணாள் சென்னுக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெனிஸ் வெற்றியின்போதுதான் மூன்றாவது படம் வருமா என்ற கேள்விக்கு ரே ஆமாம் என்று பதில் சொன்னார். இது இல்லாவிட்டால் 'அபுர் சன்சார்' இல்லை. 1993-ல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் பற்றிய தீ மூன்று படங்களின் மூல நெகடிவ்களையும் பதம் பார்த்தது. எரிந்து சுருண்ட சுருள்களை இத்தாலியின் போலோனியா நகரில் கைவினைஞர்கள் அங்குலம் அங்குலமாகச் சீர் செய்தார்கள். 'அபராஜிதோ'வின் நெகடிவில் அறுபது சதவீதத்துக்கு மேல் மீட்கப்பட்டது. 2015-ல் புதுப் பொலிவோடு மூன்று படங்களும் மீண்டும் திரைக்கு வந்தன.

இன்றைக்கு விடுதி அறைகளில் இருந்துகொண்டு வீட்டுக்கு வாரம் ஒருமுறை செல்போனில் பேசும் பிள்ளைகள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களைப் போகச் சொன்னவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். எப்போது வருவாய் என்று கேட்பவர்களும் அதே ஆட்கள்தான். இந்த இரண்டு குரலும் ஒரே வாயிலிருந்து வரும் என்பதை 1956-லேயே சொன்ன படம் 'அபராஜிதோ'. முதல் குரலை மட்டும் கேட்டவர்கள் அதை வெற்றிக் கதை என்றார்கள். இரண்டாவதை மட்டும் கேட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, அபு ரயிலைப் போகவிட்டுத் திரும்பி வந்து அம்மாவோடு இருந்த அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்பது புரியும்.